கத்தினால் புடைக்கும் கழுத்து நரம்பு: விட்டுவிடுவதா, அறுவை சிகிச்சை செய்வதா?

குழந்தை சும்மா இருக்கும்போது கழுத்தில் ஒன்றும் தெரியாது. கத்தும்போது, இருமும்போது, மலம் கழிக்க முக்கும்போது, பலூன் ஊதும்போது, பாட்டு வகுப்பில் மேல் ஸ்தாயியைப் பிடிக்கும்போது, கபடியில் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு போகும்போது, கழுத்தின் ஒரு பக்கம், பெரும்பாலும் வலப்பக்கம், காறை எலும்புக்குக் கொஞ்சம் மேலே மெத்தென்று ஒன்று உப்பிக்கொண்டு வரும். மூச்சை விட்டதும் அமுங்கிவிடும். வலி கிடையாது, சிவப்பு கிடையாது, காய்ச்சல் கிடையாது. பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் யாராவது கவனிக்கிறார்கள். பெண் பிள்ளைகளைவிடப் பையன்களிடம் இது அதிகம். மருத்துவச் சீட்டில் இன்டர்னல் ஜுகுலர் ஃப்ளெபெக்டேசியா என்று எழுதுவார்கள். மூளையிலிருந்தும் முகத்திலிருந்தும் இரத்தத்தை இதயத்துக்கு இறக்குகிற பெரிய சிரை (பேச்சு வழக்கில் நரம்பு என்கிறோமே, அந்த இரத்தக்குழாய்), ஓர் இடத்தில் மட்டும் அளவுக்கு மீறி விரிகிறது, அதுதான் விஷயம்.

எங்கள் வீட்டிலும் ஒரு பையனுக்கு இது உண்டு. ஒரு மருத்துவர் விட்டுவிடுங்கள் என்றார், இன்னொருவர் எடுத்துவிடலாம் என்றார். இரண்டு பேருமே விவரம் தெரிந்தவர்கள்தான், அதனால்தான் குழப்பமே. அந்தக் குழப்பத்தில் படித்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொந்தரவு தராத புடைப்புக்குக் கத்தி வேண்டாம். ஆனால் "ஒன்றுமில்லை" என்று யார் சொல்வதாக இருந்தாலும், அதற்கு முன்னால் ஒழுங்காக எடுத்த ஒரு டாப்ளர் ஸ்கேன், அதாவது இரத்த ஓட்டத்தையும் காட்டுகிற அல்ட்ராசவுண்ட், கையில் இருக்க வேண்டும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், உங்கள் குழந்தைக்கு இருப்பது இதுதானா என்று பார்க்க வேண்டும். முக்கினால் மட்டும் வருவது, விட்டால் போவது, அழுத்தினால் மெத்தென்று அமுங்குவது, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் கீழே சொல்வதெல்லாம் பொருந்தும். எப்போதும் இருக்கிற, உருட்டினால் கையில் அகப்படுகிற கெட்டியான உருண்டை என்றால் அது நெறி கட்டியதாக இருக்கலாம், காசநோய்க் கட்டியாக இருக்கலாம், பிறவியிலேயே வந்த நீர்க்கட்டியாக இருக்கலாம். அது வேறு கதை. இன்னொன்று இதைவிட முக்கியம். குழந்தை அமைதியாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்தின் இரு பக்கமும் நரம்பு புடைத்தே நிற்கிறது, காலையில் எழும்போது முகமும் கண்ணும் வீங்கியிருக்கிறது, படுத்தால் இருமுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் கட்டுரை படித்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும். இதயம் திணறுவதாலும் இருக்கலாம், நெஞ்சுக்குள் ஏதாவது கட்டி பெரிய சிரையை அழுத்துவதாலும் இருக்கலாம். குழந்தைகளில் லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் சில சமயம் இப்படித்தான் முகம் காட்டும்.

முக்கும்போது மட்டும் வருகிற வீக்கத்துக்கும் வேறு காரணங்கள் உண்டு, ஆனால் பட்டியல் சிறியது. குரல்வளையிலிருந்து காற்றுப்பை ஒன்று வெளியே தள்ளுவது, நுரையீரலின் நுனி கழுத்துக்குள் எட்டிப் பார்ப்பது, நெஞ்சின் மேல்பகுதியில் இருக்கிற நீர்க்கட்டியோ வேறு கட்டியோ மேலே ஏறி வருவது. இவற்றைச் சிரை விரிவிலிருந்து பிரித்துக் காட்டத்தான் ஸ்கேன்.

ஏன் வருகிறது? உறுதியான ஒரே காரணம் என்று எதுவும் நிறுவப்படவில்லை. சிரைச் சுவரின் தசையும் மீள்நார்களும் அந்த இடத்தில் பிறவியிலேயே மெலிந்திருப்பது ஒரு விளக்கம். பழைய சைக்கிள் டியூபில் நைந்த இடம் மட்டும் காற்றடிக்கும்போது உப்புகிறதே, அந்த மாதிரி. வலப்பக்கம் ஏன் அதிகம் என்பதற்கு உடற்கூற்றில் பதில் இருக்கிறது: வலப்பக்கச் சிரை பலருக்கு இயல்பிலேயே பெரியது, அதோடு அங்கிருந்து நெஞ்சுக்குள் போகிற வழி குட்டையாகவும் நேராகவும் இருப்பதால் முக்கும்போது ஏறுகிற நெஞ்சழுத்தம் அப்படியே மேலே வந்து மோதுகிறது. குழந்தை அதிகம் அழுததால் வந்தது, அப்பா அதட்டியதால் வந்தது என்றெல்லாம் வீட்டில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்ள இதில் இடமே இல்லை. மென்கீஸ் நோய் போன்ற மிக அரிய பரம்பரைக் கோளாறுகளோடு சேர்ந்தும் இது வருவதுண்டு, ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு என்று பெரிய பிரச்சினைகள் முன்னாலேயே தெரிந்துவிடும்.

சரி, முதல் முடிவு: எந்தப் பரிசோதனை? டாப்ளர், சி.டி., எம்.ஆர்.ஐ. என்று மூன்று பெயர் காதில் விழும். செலவு கூடக்கூட ஸ்கேனும் நல்லது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இந்த நோயில் அது தலைகீழ். டாப்ளர் அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, மயக்கம் இல்லை. அதைவிடப் பெரிய சௌகரியம், குழந்தை முக்க முக்க அந்தச் சிரை விரிவதை அந்த நொடியிலேயே திரையில் பார்க்கலாம். சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு, சாய ஊசி உண்டு. எம்.ஆர்.ஐ.க்குக் கதிர்வீச்சு இல்லை என்றாலும் சின்னக் குழந்தை அந்தக் குழாய்க்குள் அவ்வளவு நேரம் அசையாமல் கிடக்காது, மயக்கம் கொடுத்தாக வேண்டும். மயக்கத்தில் தூங்குகிற குழந்தை எப்படி முக்கும்? முக்காவிட்டால் சிரை விரியாது, விரியாவிட்டால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பணமும் போய், மயக்கமும் கொடுத்து, கடைசியில் "நார்மல்" என்று ஒரு தாள்.

அப்படியானால் மற்ற இரண்டும் வீணா என்றால், இல்லை. காறை எலும்புக்குக் கீழே நெஞ்சுக்குள் போகிற பகுதியை டாப்ளரால் சரியாக எட்ட முடியாது. வீக்கத்தின் அடிப்பக்கம் முடிகிற இடம் தெரியவில்லை, அல்லது நெஞ்சில் கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், முதலில் சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே, பிறகு தேவைப்பட்டால் சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ. அறுவை சிகிச்சை என்று முடிவாகிவிட்டாலும் பெரிய படம் வேண்டும், அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: வீக்கம் என்ன என்று ஸ்கேனில் தெரிவதற்கு முன்னால் அதில் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்க்க யாருக்கும் சம்மதிக்காதீர்கள். நெறி என்று நினைத்துக் குத்தப்போய் அது பெரிய இரத்தக்குழாயாக இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

டாப்ளரிலும் எடுக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. குழந்தையைப் படுக்கவைத்து, அமைதியாக இருக்கும்போது ஓர் அளவு, முக்கும்போது ஓர் அளவு, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் எடுக்க வேண்டும். ஸ்கேன் கருவியைக் கழுத்தில் அழுத்திப் பிடித்தால் சிரை நசுங்கி அளவு குறைந்து காட்டும், தாராளமாக ஜெல் போட்டு லேசாக வைக்க வேண்டும். பெரிய குழந்தை என்றால் மூக்கைப் பிடித்து வாயை மூடிக்கொண்டு ஊதச் சொல்லலாம், முதல் நாளே வீட்டில் விளையாட்டாகப் பழக்கிவிட்டால் நல்லது. கைக்குழந்தை என்றால் கவலையே இல்லை, அந்தக் குளிர்ந்த ஜெல் பட்டதும் அதுவே வீறிட்டு அழுது வேலையை முடித்துக்கொடுக்கும். அறிக்கையில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: இரு நிலைகளிலும் இரு பக்க அளவுகள், உள்ளே இரத்தக்கட்டி இருக்கிறதா, ஓட்டம் சரியான திசையில் இருக்கிறதா, பக்கத்தில் வேறு கட்டி ஏதாவது அழுத்துகிறதா. அமைதி நிலை அளவு மட்டும் எழுதியிருந்தால் அந்த அறிக்கையால் பாதிப் பயன்தான். இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் போனால் நோய் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது. மற்றப் பக்கத்தோடு ஒப்பிடுவார்கள், ஆனால் வலம் இயல்பிலேயே பெரிதாக இருக்கலாம் என்பதால் அதையும் நிதானமாகத்தான் படிக்க வேண்டும். குழந்தை அழும்போதோ கத்தி விளையாடும்போதோ கைப்பேசியில் ஒரு சின்ன வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் பிள்ளை சாதுவாகி, கழுத்தும் சாதுவாகிவிடும், "எங்கேம்மா வீக்கம்?" என்று கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும்.

இப்போது பெரிய கேள்வி. ஸ்கேனில் உறுதியாகிவிட்டது, இனி என்ன செய்வது?

காத்திருப்பவர்கள் பக்கத்து நியாயம் இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது எந்தத் தொந்தரவும் தருவதில்லை, வருடங்கள் போனாலும் அப்படியே இருக்கிறது, சிலருக்கு வளர வளரக் கண்ணுக்குத் தெரிவதும் குறைகிறது. எல்லோர் மனதிலும் இருக்கிற பயம் "வெடித்துவிட்டால்?" என்பதுதான். ஆனால் சிரையில் ஓடுவது தமனியைப் போல அடித்துப் பாய்கிற இரத்தம் அல்ல, அழுத்தம் மிகக் குறைவு; தானாக வெடிப்பது என்பது இந்த நோயின் வழக்கமான போக்கிலேயே சேராதது. புற்றுநோயாக மாறுவது என்ற பேச்சே இல்லை. சிரைக்குள் இரத்தம் கட்டிக்கொள்வது எழுதப்பட்டிருக்கிறது, அரிதாக. கண்ணிமை தொங்கி, அந்தப் பக்கக் கண்மணி சுருங்குகிற ஹார்னர் நிலையும் எழுதப்பட்டிருக்கிறது, அதுவும் அரிதாகத்தான். இந்த அரிய சாத்தியங்களுக்குப் பயந்து, நன்றாக ஓடியாடுகிற பிள்ளையை அறுவைக்கூடத்துக்குள் தள்ள வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அது சரியான கேள்வியாகப் படுகிறது.

இந்த நோயைப் பற்றி 1952ல் கெர்விக் என்பவர் மருத்துவ இதழ் ஒன்றில் இந்தப் பெயரிலேயே கட்டுரை எழுதினார். அல்ட்ராசவுண்ட் கைக்கெட்டாத அந்தக் காலத்தில், கழுத்தில் இருப்பது என்ன என்று உறுதியாகத் தெரிய, திறந்து பார்ப்பதும் ஒரு வழியாக இருந்தது. இன்று அந்தக் காரணமே இல்லை. காத்திருக்கும் கட்சி வலுத்ததற்கு டாப்ளரும் ஒரு காரணம்.

அறுவைக் கட்சியையும் சும்மா ஒதுக்கிவிட முடியாது. வீக்கம் வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போகிறது, விளையாடும்போது தொண்டை அடைக்கிறது என்கிறான், குரல் கம்முகிறது, கழுத்தில் வலிக்கிறது, உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது என்றால் விஷயம் மாறிவிடுகிறது. அப்புறம் தோற்றம். இதைச் சிலர் அற்பமாக நினைக்கிறார்கள், நான் நினைக்க மாட்டேன். வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்று பாட்டை விட்டுவிட்ட, வாய்விட்டுச் சிரிக்கவே யோசிக்கிற பதின்ம வயதுப் பிள்ளைக்கு அது நிஜமான தொந்தரவு. ஆனால் தோற்றத்துக்காக என்றால் அந்த முடிவைப் பிள்ளையும் சேர்ந்து எடுக்கிற வயது வரட்டும். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தன் கழுத்தைப் பற்றிய கவலையே கிடையாது, கவலைப்படுவது பாட்டியும் பக்கத்து வீட்டாரும்தான். அதோடு அறுவைக்குப் பிறகு கழுத்தில் தழும்பு இருக்கும். முக்கும்போது மட்டும் தெரிகிற வீக்கத்தைக் கொடுத்துவிட்டு, எப்போதும் தெரிகிற தழும்பை வாங்குகிறோம். இந்தக் கணக்கைச் சிலர் போடுவதே இல்லை.

அறுவையிலும் இரண்டு வழி இருக்கிறது, மருத்துவர் "ஆபரேஷன்" என்று மட்டும் சொன்னால் எது என்று கேளுங்கள். ஒன்று, விரிந்த பகுதிக்கு மேலும் கீழும் கட்டுப்போட்டு அந்தத் துண்டை எடுத்துவிடுவது. மறுபடி வரும் என்ற பயம் இல்லை, பல காலமாகச் செய்துவருகிற முறை, ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் குழந்தைகள் தாங்கிக்கொள்கிறார்கள், மறுபக்கச் சிரை வேலையை எடுத்துக்கொள்கிறது. "பெரும்பாலும்" என்ற சொல்லில்தான் சிக்கல். மூளையிலிருந்து இறங்கும் இரத்தத்தில் பெரும்பகுதி பலருக்கு வலப்பக்கம் வழியாகத்தான் போகிறது, இடப்பக்கம் ஒடுங்கியிருக்கும் ஆட்களும் உண்டு. அப்படி ஒருவருக்கு வலப்பக்கத்தைக் கட்டிவிட்டால் முகம் வீங்கலாம், தலைவலி வரலாம், மண்டைக்குள் அழுத்தம் கூடலாம். அதனால்தான் மறுபக்கச் சிரையையும் தலைக்குள் இருக்கும் வடிகால்களையும் காட்டுகிற படம் அறுவைக்கு முன் வேண்டும் என்றேன், எம்.ஆர்.ஐ.க்கு இந்த நோயில் உண்மையான இடம் அங்கேதான். இரண்டு பக்கமும் விரிவு இருக்கிற குழந்தைக்கு இரு பக்கத்தையும் கட்டி எடுப்பது ஆபத்தான வேலை, அதைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, சிரையை எடுக்காமல் காப்பாற்றுவது. விரிந்த இடத்தை நீளவாக்கில் தைத்துச் சுருக்குவார்கள், அல்லது பக்கத்துத் தசையாலோ செயற்கைத் துணி உறையாலோ சுற்றி, விரியவிடாமல் பிடித்து வைப்பார்கள். இரத்த ஓட்டம் பழைய வழியிலேயே போகிறது என்பது பெரிய ஆறுதல். பதிலுக்கு, தைத்த இடத்தில் இரத்தம் கட்டலாம், நாள் போகப் போக மறுபடி விரியலாம், வளரும் குழந்தைக்குள் செயற்கைப் பொருள் ஒன்று தங்கிவிடுகிறது. எது மேல் என்று தீர்ப்புச் சொல்லப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இந்த நோய்க்குக் கிடையாது, அரிதான நோய் என்பதால் சின்னச் சின்னத் தொகுப்புகள்தான். என்னைக் கேட்டால், மறுபக்கம் நன்றாக இருக்கிற பிள்ளைக்கு முதல் வழி எளிது. மறுபக்கம் ஒடுங்கியோ அதுவும் விரிந்தோ இருந்தால் இரண்டாவது வழியைத் தெரிந்த, செய்து பழகிய கை வேண்டும். எந்த வழியானாலும் அந்தச் சிரைக்குப் பக்கத்திலேயே குரலுக்குப் போகும் நரம்பிழைகளைச் சுமக்கிற வேகஸ் நரம்பு ஓடுகிறது, தோளைத் தூக்குகிற நரம்பும் தொலைவில் இல்லை. இடப்பக்கம் என்றால் நிணநீரைச் சுமக்கிற நெஞ்சுக்குழாயும் அங்கே வந்து சேர்கிறது, அதில் கீறல் விழுந்தால் பால் போல நீர் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே குழந்தைகளுக்கான அறுவை நிபுணரும் இரத்தக்குழாய் அறுவை நிபுணரும் சேர்ந்து இருக்கிற இடமாகப் பாருங்கள்.

தோலுக்கு அடியில் மேலாக ஓடுகிற வெளிச் சிரையிலோ முன்பக்கச் சிறு சிரையிலோ விரிவு என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். மூளையின் முக்கிய வடிகால் அதுவல்ல. தொந்தரவு இல்லையென்றால் விடலாம், தோற்றம் உறுத்தினால் எடுத்துவிடலாம், அறுவையும் சின்னது.

காத்திருப்பது என்று முடிவெடுத்தால் அதற்கும் ஒரு முறை உண்டு, மறந்துவிடுவதற்குப் பெயர் காத்திருப்பு அல்ல. வருடத்துக்கு ஒருமுறை டாப்ளர், முடிந்தால் அதே இடத்தில், அதே விதத்தில் எடுத்து, பழைய அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் சரிசெய்யுங்கள், நாள்பட்ட இருமலும் இளைப்பும் இருந்தால் அதற்கு மருந்து எடுங்கள், தேவையில்லாத முக்கல் குறையும். விளையாட்டில் பல மருத்துவர்கள் தடை போடுவதில்லை. ஓட்டம், நீச்சல், கிரிக்கெட் எல்லாம் சரி. குத்துச்சண்டை போல கழுத்தில் நேரடியாக அடி விழக்கூடியதும், கனமான எடை தூக்குவதும் மட்டும் எனக்கு உவப்பில்லை, உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். பாட்டையும் நாதஸ்வரத்தையும் நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் ஒரு வருட அளவுகளைப் பார்த்துவிட்டுப் பேசலாம். சும்மா இருந்த வீக்கம் திடீரென்று அமுங்காமல் கெட்டியாகிவிட்டால், வலித்தால், சிவந்தால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே மருத்துவமனை. இரத்தம் கட்டியிருக்கலாம்.

வீட்டு வைத்தியத்துக்கு இதில் வேலை இல்லை. எண்ணெய் போட்டு நீவிவிடுவது, கழுத்தில் துணி இறுக்கிக் கட்டுவது எல்லாம் வேண்டாம், முக்கியமாக இறுக்கிக் கட்டுவது.

கடைசியாக, டாப்ளர் அறிக்கையின் நகலைப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு வைத்திருங்கள். வேறு ஏதோ நோய்க்காக என்றாவது ஐ.சி.யூ.வில் கழுத்துச் சிரையில் குழாய் போட வேண்டி வந்தாலோ, டான்சில் மாதிரி சாதாரண அறுவைக்கு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தாலோ, அங்கே இருக்கிறவர்களிடம் எந்தப் பக்கம் விரிவு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போது அவர்கள் மறுபக்கத்தையோ வேறு இடத்தையோ பார்த்துக்கொள்வார்கள்.